விசிலம்மாவின் வெள்ளைப் பொத்தான்

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலை இசைவாணி அம்மாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்திசையில் நடந்து, விழுப்புரம் பஸ்ஸில் ஏறினாள். அம்மா அமலா தோசைக்கல்லிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. பதினோராம் வகுப்புப் பெண் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் போவதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது.

பஸ் விக்கிரவாண்டி தாண்டும் வரை அவள் பையைத் திறக்கவில்லை. பிறகு கையை மட்டும் உள்ளே விட்டுத் தடவினாள். அது இருந்தது.

கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை. காக்கிச் சட்டை, சட்டைக்குக் கீழே தூக்கிச் செருகிய சேலை, தலையில் சுருட்டிக் கட்டிய துண்டு, கழுத்தில் நிஜமாகவே ஊதக்கூடிய குட்டி விசில். மேலே சாவி மாட்ட ஒரு வளையம். பெயர் விசிலம்மா. வரைந்தது இசைவாணி. முந்தாநாள் வரைக்கும் அதுதான் அவள் வாழ்க்கையிலேயே பெருமையான காரியம்.

விழுப்புரத்தில் ஒருபிடி என்று ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும்படி வீடு வீடாகச் சொல்லி, அதை வாரத்துக்கு ஒருமுறை சேகரித்து, காட்டு வேலை இல்லாத மழை மாதங்களில் கூலிக் குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள். வருடத்துக்கு ஒரு நாள் நிதி திரட்டும் விழா. இந்த வருட விழா நாளைக்கு. விழாவில் விற்க ஞாபகப் பொருள் ஒன்று வேண்டும் என்று ஒருபிடியின் பொறுப்பாளர் ஆனந்தராஜ், திண்டிவனம் பள்ளியில் ஓவியப் போட்டி வைத்து, இசைவாணியைத் தேர்ந்தெடுத்தார்.

அப்போது அவர் சொன்னது அவளுக்கு வரி வரியாக ஞாபகம் இருந்தது. ஒட்டிய வயிறு, அழுகிற பிள்ளை, அந்த மாதிரிப் படமெல்லாம் வேண்டாம். ஜனங்கள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சாவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பு வர வேண்டும்.

முதலில் அரிசிப் படிக்குக் கால் முளைத்து ஓடுவதுபோல வரைந்தாள். பிறகு மீசை வைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. கூடைக்குள் உட்கார்ந்து முறைக்கிற கோழி. எல்லாவற்றுக்கும் ஆனந்தராஜ் நல்லாருக்கு என்றார்; சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்த அத்தை, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியின் பின்பக்கத்திலிருந்து தொப்பென்று குதித்து, சட்டையை உதறிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வரைந்ததுதான் விசிலம்மா. அதைப் பார்த்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அத்தை லூர்துமேரி, இசைவாணியின் அப்பா பிரான்சிசுக்கு அக்கா. பக்கத்து வீடு. அவளுடைய புருஷன் சவுரிராயன் மரக்காணம் ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் இறந்தபோது மூன்று காக்கிச் சட்டையும் ஒரு விசிலும் மிஞ்சின. காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் வெயிலுக்குப் பயந்து சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வது இந்தப் பக்கத்தில் வழக்கம். லூர்து காக்கி போட்டுக்கொண்டாள். விசிலையும் மாட்டிக்கொண்டாள்.

அந்த விசில் வெறும் அலங்காரம் இல்லை. லூர்து பெண்கள் கூலிக் குழுவுக்கு மேஸ்திரி. விடியற்காலையில் தெருமுனையில் அவள் ஊதினால் பெண்கள் வண்டியேற வருவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊதினால் வேலை நின்றுவிடும். இன்னும் ரெண்டு வரிசை, ரெண்டு சால்தான், முடித்துவிட்டுப் போங்கள் என்று எந்த நிலத்துக்காரரும் அதற்குப் பிறகு சொன்னதில்லை. சொல்லிப் பார்த்தவர்களுக்கு மறுநாள் ஆள் வரவில்லை.

விழா அன்றைக்கு அத்தை கையில் பொம்மையைக் கொடுத்து அசத்தலாம் என்றுதான் இசைவாணி யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தாள். புதுச்சேரியில் அச்சு வார்ப்பவர், பொத்தான் எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும், ஒன்றுக்கு மட்டும் வெள்ளை என்றால் ஒவ்வொரு பொம்மையிலும் கையால் சொட்டு வைக்க வேண்டும் என்று சலித்துக்கொண்டார். அவள் விடவில்லை. அத்தையின் சட்டையில் மேல் பொத்தான் தெறித்துப் போனபோது, இசைவாணியின் பழைய யூனிபார்மிலிருந்து வெள்ளைப் பொத்தான் ஒன்றை அத்தை வெட்டித் தைத்துக்கொண்டாள். காக்கியில் ஒற்றை வெள்ளை. அது தன்னுடைய பொத்தான். அது இல்லாமல் எப்படி.

அத்தை வேலைக்குப் போகிற பிரம்மதேசம் பக்கம் காக்கிச் சட்டை போட்ட பெண்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். மேல் பொத்தான் வெள்ளையாக இருப்பது ஒருத்திக்குத்தான்.

வியாழக்கிழமை வகுப்பில் அஸ்வினியின் பையில் விசிலம்மா தொங்கியது. அஸ்வினி இசைவாணியின் பக்கத்துப் பெஞ்சுக்காரி. அவள் அப்பா நடராசன் பிரம்மதேசத்தில் நிலம் வைத்திருப்பவர், ஒருபிடிக்கு நன்கொடை தருகிறவர். அதனால் அவர்களுக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. இது அப்படியே உங்க அத்தை மாதிரியே இருக்குதுடி, எங்கப்பா பார்த்த உடனே சொல்லிட்டாரு என்றாள் அஸ்வினி. இசைவாணி பெருமையாகச் சிரிக்கப் போனாள். அப்போதுதான் பொம்மையோடு பின் அடித்திருந்த அட்டையைப் பார்த்தாள். அவள் வரைந்தபோது அட்டை எதுவும் இல்லை.

'நான் விசிலம்மா. என் வீட்டு அடுப்பு இன்னும் எரியவில்லை. உங்கள் ஒரு பிடிக்காகக் காத்திருக்கிறேன்.'

அஸ்வினி கெட்ட பெண் இல்லை. அக்கறையாகத்தான் கேட்டாள், அத்தைக்கு அங்கிருந்துதான் அரிசி வருகிறதா என்று. வீட்டில் இன்னொன்று இருக்கிறது என்று பொம்மையை இசைவாணியிடமே கொடுத்தும்விட்டாள்.

சவுரிராயன் இறந்த மாதம் ஒருபிடிக்காரர்கள் ஒரு மூட்டை அரிசியோடு நிஜமாகவே வந்திருந்தார்கள். லூர்து அவர்களை உட்கார வைத்து, மோர் கொடுத்து, மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வண்டியில் ஏற்றிவிட்டாள். சொந்தத் தம்பி பொங்கல் சீர் என்ற பெயரில் அரிசி கொண்டுபோய் வைத்தால், மறுவாரமே அதே கனத்துக்கு மல்லாட்டை திரும்பி வரும். அப்படிப்பட்ட அத்தை இப்போது பொம்மையாகி, அடுப்பெரியாமல் காத்துக்கொண்டிருந்தாள், அழகாகப் பல்வரிசை தெரிய.

இதையெல்லாம் ராத்திரி அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று போன் போட்டாள். பிரான்சிஸ் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தார். சிக்னல் இல்லை.

ஒருபிடி ஆபீஸ் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது. இசைவாணி படியேறியபோது தரை முழுக்க விசிலம்மாக்கள் கிடந்தார்கள். நாலைந்து கல்லூரிப் பெண்கள் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பொம்மை ஒன்று, அட்டை ஒன்று, பின் ஒன்று என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே ஒருத்தி ஊதிப் பார்த்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனந்தராஜ் நினைத்தது நடந்திருந்தது. எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.

அவர் தூங்கி இரண்டு நாள் ஆன முகத்தோடு வந்து, ஆர்ட்டிஸ்டம்மா வந்துட்டாங்க என்று அந்தப் பெண்களிடம் அறிமுகப்படுத்தினார். இசைவாணி அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, அட்டையை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள்.

அவர் ஏன் என்று கேட்டார். அழ வைக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள்.

"பொம்ம சிரிக்குதும்மா. ஆனா சிரிச்சிட்டு காச எதுக்குக் குடுக்கணும்னு ஜனங்க கேப்பாங்க இல்ல? அத அட்டதான் சொல்லணும்," என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை. போன வருடம் துணிப்பை விற்றதையும், பாதிப் பை பரணிலேயே கிடப்பதையும் சொன்னார். மழைக்காலத்தில் கைவிரித்துத் திருப்பி அனுப்பிய குடும்பங்களைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்ன எதுவும் பொய்யாகத் தெரியவில்லை.

இது எங்க அத்தை, அவங்க ஏழை இல்லை. இதைத்தான் சொல்ல வேண்டும் என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். சொல்லப் போகும்போது அத்தை வீட்டுக் கூரையில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாக்கியம் பாதியிலேயே நின்றுவிட்டது. இது எங்க அத்தை என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

ஆனந்தராஜின் முகம் மலர்ந்தது. தெரியுமே என்றார். நடராசன் சார்தான் போனில் சொன்னாராம், நிஜ விசிலம்மா ஒருத்தர் இருக்கிறார் என்று. நாளைக்கு அவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். சொல்வதற்காகக் காலையிலேயே வீட்டுக்கு ஆள் போயிருக்கிறது. ஒரு சேலைகூடக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

இசைவாணி படியிறங்கியபோது மேலே யாரோ மறுபடியும் ஊதினார்கள்.

வீட்டுக்குப் போனபோது அமலா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் கவரோடு ஒரு ரோஸ் நிறச் சேலை. அதன்மேல் அழைப்பிதழ். அதன்மேல் விசிலம்மா. ஸ்பெஷல் கிளாசைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

"அண்ணி வேலைக்குப் போயிட்டாங்கன்னு இங்க வந்த தம்பி அம்மா அம்மான்னு கூப்ட்டுச்சி," என்றாள் அமலா. "வெயில்ல வந்துருக்குது. அவங்க வருவாங்களான்னு கேட்டப்போ வருவாங்கன்னு சொல்லிட்டேன். அப்புறமாதான் அட்டையப் படிச்சேன்."

அமலாவுக்கு நாத்தனார் மேல் பிரியம் உண்டு, பயமும் உண்டு. பிரான்சிஸ் ஊரில் இல்லாத நாட்களில் பயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அவள் யோசித்து ஒரு வழி வைத்திருந்தாள். அவார்டு என்று சொல்லிக்கொள்ளலாம். நல்லா வேலை செய்கிற மேஸ்திரிகளுக்கு அவார்டு. அட்டையை அண்ணி எங்கே படிக்கப் போகிறாள், அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே ஒரு நாள் ஆகும். சேலையைக் கட்டி, மேடையில் ஏற்றி, பொன்னாடையைப் போர்த்தி, கையோடு இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

அதைக் கேட்டதும் அது நடந்துவிடும் என்றே இசைவாணிக்குத் தோன்றியது. பாதி நிமிடத்துக்குத்தான். மண்டபத்தில் ஒவ்வொருவர் கையிலும் அட்டை இருக்கும். அத்தைக்குப் படிக்க வராது, ஆனால் ஜனங்கள் தன்னைப் பார்க்கிற பார்வையை அவள் ஒரு வரி விடாமல் படித்துவிடுவாள்.

"நான் போயி சொல்லிடுறேம்மா," என்றாள்.

"அடிச்சிடப் போறாங்கடி."

"அடிச்சா பரவால்ல."

அமலா அவளைத் தடுக்கவில்லை. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

மரக்காணம் பஸ்ஸில் பிரம்மதேசத்தில் இறங்கி, வாய்க்கால் ஓரமாகவே நடந்தால் நடராசனின் நிலம் வரும், மல்லாட்டைக் கொல்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் புளிய மரத்தடியில் சாப்பிட்டு முடித்து, துண்டை விரித்துச் சாய்ந்திருந்தார்கள். லூர்து தூக்குவாளியைக் கழுவ மோட்டார் கொட்டகைப் பக்கம் போயிருந்தாள். வரப்பில் நடராசனின் பைக் நின்றது. அவர் அதில் சாய்ந்துகொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்நாயகி என்கிற பெண், இசைவாணியைப் பார்த்துவிட்டு, இன்னா பாப்பா, மல்லாட்ட திங்க வந்துட்டியா என்றாள். இசைவாணி அத்தையைக் கண்ணால் தேடிக்கொண்டே தலையாட்டினாள்.

அப்போது விசில் சத்தம் கேட்டது.

சாய்ந்திருந்த பெண்கள் எழுந்தார்கள். ஒருத்தி துண்டை உதறினாள், ஒருத்தி வாய்க்குள் இருந்த வெற்றிலையைத் துப்பினாள், ஐந்தாறு பேர் கொல்லைக்குள் இறங்கிவிட்டார்கள். வருடக்கணக்கில் பழகிய கால்கள். சத்தம் கொஞ்சம் மெல்லிசாக இருந்ததைக் காது கவனிப்பதற்குள் கால் நடந்துவிட்டது. தையல்நாயகிதான் முதலில் நின்று திரும்பினாள்.

ஊதியது நடராசன். விரலில் பைக் சாவி, சாவியில் விசிலம்மா. தமாஷுக்குத்தான் ஊதினார். பெண்கள் வரிசையாக இறங்கிப் போனதைப் பார்த்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. நல்லா வேல செய்யுதே இது என்று சிரித்தார். பெண்களில் சிலரும் சிரித்தார்கள்.

மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் லூர்து தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தன் விசிலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள், கழுத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்கிறவள்போல.

சனிக்கிழமைதான் அடுத்த வாரக் கூலி பேசுகிற நாள். போன வாரமே லூர்து கேட்டு வைத்திருந்தாள், இனிமேல் வெயில் ஏறும், கூலியைக் கொஞ்சம் ஏற்றித் தர வேண்டும் என்று. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் நடராசன் என்ன சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொடுத்தால் எல்லோரும் கொடுப்பார்கள். இசைவாணிக்கு இது தெரியும். இந்த ஒரு வாரமாக அத்தை வீட்டில் வேறு பேச்சே இல்லை.

லூர்து வரப்புக்கு வந்து, என்ன முடிவு பண்ணீங்க என்று கேட்டாள். நடராசன் சாவியைச் சுற்றிக்கொண்டே, விதை விலை, மருந்து விலை எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் குரலைத் தணித்து, அவளுக்கு நல்லது சொல்கிறவர்போல,

"உனக்குதான் சங்கத்துலயே பாத்துக்குறாங்க இல்ல லூர்து, நீ ஏன் இப்பிடி புடிவாதம் புடிக்கிற?" என்றார்.

"எந்த சங்கத்துல?"

அவர் சாவியைத் தூக்கிக் காட்டினார். இதில்தான் போட்டிருக்கிறதே என்றார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவாயிருந்தாலும் திங்கட்கிழமை சொல்கிறேன் என்று முடித்துக்கொண்டார்.

"அப்ப நாங்க வர்றமா இல்லயான்னு நானும் திங்கக்கெழம சொல்றேங்க," என்றாள் லூர்து.

திரும்பியபோதுதான் அவள் இசைவாணியைப் பார்த்தாள்.

புளிய மரத்துக்குப் பின்னால், வாய்க்கால் மதகில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். இசைவாணி பையிலிருந்து பொம்மையை எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள். அட்டையைத் தள்ளிவிட்டு, லூர்து முதலில் பொம்மையைத்தான் பார்த்தாள். தலைத்துண்டு, சேலைச் செருகல், விசில். நகத்தால் மேல் பொத்தானைச் சுரண்டினாள்.

"இது வெள்ளையா இருக்குது," என்றாள்.

"ஆமா அத்த."

"யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

லூர்து பொம்மையைக் கவிழ்த்து முதுகையும் பார்த்தாள். மதகுக்குக் கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பிறகு அட்டையைத் திருப்பி இசைவாணியின் பக்கம் நீட்டினாள்.

"படி."

இசைவாணி எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள். திட்டுக்கு, அடிக்கு, இனிமேல் எங்க வீட்டு வாசப்படி மிதிக்காத என்பதற்கு. இதற்குத் தயாராக வரவில்லை. தொண்டையைச் செருமினாள். பள்ளியில் செய்யுள் ஒப்பிக்கிற குரல்தான் வந்தது. வேறு குரல் அவளுக்குக் கிடைக்கவில்லை.

"நான் விசிலம்மா. என் வீட்டு அடுப்பு இன்னும் எரியவில்லை."

நின்றாள்.

"இன்னும் இருக்குது இல்ல. படி."

"உங்கள் ஒரு பிடிக்காகக் காத்திருக்கிறேன்."

லூர்து தலையை ஆட்டினாள், விலாசம் சரியா என்று பார்த்துக்கொண்டவள் மாதிரி. இதையும் நீதான் எழுதினியா என்று கேட்டாள். இல்லை என்றாள் இசைவாணி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஓவியப் போட்டி, கால் முளைத்த படி, புதுச்சேரிக்காரர், ஆனந்தராஜ், நாளைய மேடை, பொன்னாடை, ரோஸ் சேலை, அவார்டு என்று அம்மா யோசித்தது, எதையும் விடவில்லை. அட்டை எழுதியது நான் இல்லை என்பதை மட்டும் மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை அவளுக்கே வெட்கமாக இருந்தது. அத்தையை அத்தனை பேர் சாவியிலும் மாட்டிவிட்டது அட்டை இல்லையே.

"எனக்கு பயமா இருக்குது அத்த," என்று முடித்தாள்.

லூர்து பொம்மையைக் காக்கிச் சட்டைப் பைக்குள் போட்டாள். சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து, கொல்லைக்குள் இறங்கி, மறுபடியும் மல்லாட்டை பிடுங்கத் தொடங்கினாள். என்ன செய்வது என்று தெரியாமல் இசைவாணியும் இறங்கி, அவளுக்குப் பக்கத்துச் சாலில் குனிந்தாள். அவளுக்குச் செடி சரியாக வரவில்லை. காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. அத்தை ஒரு தடவை கை நீட்டி, அவள் விட்ட காயைத் தோண்டி எடுத்துக் கூடையில் போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்து மணி ஆனது. பெண்கள் நிழலைப் பார்த்தே மணி சொல்லிவிடுவார்கள். ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து லூர்துவைப் பார்த்தார்கள். லூர்து குனிந்தே இருந்தாள். விசில் அவள் கழுத்தில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. தையல்நாயகி, மணி ஆயிடுச்சு போலக்குதே என்று பொதுவாகச் சொன்னாள். லூர்து அடுத்த செடியைப் பிடுங்கினாள். பெண்கள் மறுபடியும் குனிந்தார்கள். வரப்பில் நடராசன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஐந்துக்கு மேல் அந்தக் கொல்லையில் வேலை நடப்பதை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார்.

தன் சால் வரிசையை முடித்ததும் லூர்து நிமிர்ந்தாள். இடுப்பில் கை வைத்து ஒரு நெளிப்பு நெளித்தாள். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கழுத்தில் இருந்த விசிலைக் கயிற்றோடு தலைவழியாகக் கழற்றி, சட்டைப் பையில் பொம்மைக்குப் பக்கத்தில் போட்டாள். பிறகு வண்டி நின்ற பக்கமாக நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் தையல்நாயகி கூடையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் அஞ்சம்மாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். சத்தமே இல்லாமல் கொல்லை காலியாகிக்கொண்டு வந்தது.

நடராசன் இதையும் தமாஷாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்க வேண்டும். சாவியை வாயில் வைத்து ஒரு தடவை ஊதினார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. இன்னொரு தடவை ஊதினார். அது மத்தியானத்தைவிட மெல்லிசாகக் கேட்டது. சாவியை பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பிறகு பைக்கைக் கிளப்ப அதையே மறுபடியும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

குட்டியானையில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள். டிரைவர் பச்சைமுத்து, இன்னாக்கா இன்னைக்கு விசிலே கேக்கல, நான் தூங்கிக்கினு இருந்தேன் என்றான். வண்டி திண்டிவனம் ரோட்டில் ஏறியது. இசைவாணி கடைசியில், அத்தைக்கு எதிரில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை அவளோடு பேசிக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

ஊர் எல்லைக்கு வந்தபோது லூர்து அவளைக் கூப்பிட்டாள்.

"அந்த சேலைய உங்கம்மா பிரிச்சிட்டாளா?"

கவர்கூடப் பிரிக்கவில்லை என்றாள் இசைவாணி.

"அப்பிடியே இருக்கட்டும். நாளைக்கு அவங்க கையிலயே குடுத்துடலாம். நான் இதப் போட்டுக்கினு வர்றேன்." சட்டையின் மார்பைத் தட்டிக் காட்டினாள். உள்ளே விசிலும் பொம்மையும் இடித்துக்கொண்டு சத்தம் வந்தது. பிறகு வண்டியில் இருந்தவர்களைப் பார்த்து, "நாளைக்கு வேல இல்ல. விழுப்புரம் போறோம், எல்லாரும். சட்டையோட வாங்க," என்றாள்.

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சட்டையைத் துவைத்துப் போடலாமா என்று மட்டும் அஞ்சம்மாள் கேட்டாள். துவைத்துப் போடலாம் என்றாள் லூர்து.

வண்டி தெருமுனையில் நின்றது. லூர்து வழக்கம்போலக் குதிக்கவில்லை. பின்கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, இன்னொரு காலை வைத்து, மெதுவாக இறங்கினாள். இசைவாணி அதைப் பார்த்தாள். கண்டக்டர் மனைவி என்பதால் ஓடுகிற வண்டியிலிருந்துகூட இறங்கத் தெரிந்தவள் அத்தை. அந்தக் குதிப்பைத்தான் அவள் வரைந்திருந்தாள்.

வீட்டு வாசலில் லூர்து நின்றாள். மேல் பொத்தான் அவிழ்ந்திருந்தது. அந்த வெள்ளைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, முதல்முறையாக இசைவாணியை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"மேடையில மைக்கு குடுப்பாங்களா?"

அத்தை மைக்கில் யாரைப் பற்றிப் பேசப் போகிறாள் என்று கேட்க இசைவாணிக்குத் தைரியம் வரவில்லை. அட்டை எழுதியவர் அங்கே இருப்பார். சாவியில் மாட்டிக்கொண்டவர் இருப்பார். வரைந்தவளும் முதல் வரிசையில்தான் இருப்பாள்.

"குடுப்பாங்க அத்த," என்றாள்.

"சரி," என்று சொல்லிவிட்டு லூர்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் நீலத் தார்ப்பாய்க்கு மேலே புகை எழும்பியது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.